கப்பா, தராசா, மாற்றுப் பட்டியலா?

சமையல் குறிப்பில் '3 கப் மைதா' என்று போட்டிருக்கிறது. எடையில் எவ்வளவு என்று தேடினால் ஒரு பட்டியல் கப்புக்கு 120 கிராம் என்கிறது, இன்னொன்று 125, வேறொன்று 140. இதில் எது சரி? மூன்றும் சரியாக இருக்கலாம். சிக்கலே அங்கேதான்.

கப்புக்குள் எவ்வளவு மைதா போகும் என்பது அள்ளுகிற கையைப் பொறுத்தது. கரண்டியால் தளர்வாகப் போட்டு, கத்தியால் தலைதட்டினால் ஏறத்தாழ 120 முதல் 125 கிராம் வரும். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் மாவு அமுங்கி 140, சில சமயம் 150 கிராமைத் தொடும். 3 கப்பில் இது சுமார் 60 கிராம், அதாவது அரை கப் மைதா அதிகம். கேக் வறண்டுபோனதற்கு அடுப்பைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

கப்பும் ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250, ஜப்பானில் 200. மேசைக்கரண்டி பல நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. குறிப்பு எந்த நாட்டில் எழுதப்பட்டது என்று தெரியாமல் பட்டியலை நம்புவது வீண்வேலை.

அதற்காகக் கப்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சர்க்கரை அவ்வளவாக அமுங்காது. யார் அள்ளினாலும் கப்புக்கு 200 கிராமை ஒட்டியே நிற்கும். அரிசியும் தண்ணீரும் 1-க்கு 2 என்ற கணக்கென்றால் தராசே வேண்டாம், இரண்டையும் ஒரே கப்பில் அளந்தால் போதும். மைதா, கோகோ, பொடித்த சர்க்கரை மாதிரியான மென்தூள்களுக்குத்தான் கப் ஆகாது. அவற்றுக்கு என் ஓட்டு தராசுக்கே. கிண்ணத்தை வைத்து பூஜ்யமாக்கி, ஒவ்வொன்றாகக் கொட்டி மறுபடி பூஜ்யமாக்கினால் கழுவ வேண்டிய பாத்திரமும் குறையும்.

ஆனால் தராசுக்கும் ஒரு பலவீனம் உண்டு. வீட்டுத் தராசு பெரும்பாலும் 1 கிராம் படியில்தான் காட்டும். ஒரு தேக்கரண்டி ஈஸ்ட் சுமார் 3 கிராம்தான். அதில் அரை கிராம் தவறினாலே ஆறில் ஒரு பங்கு போய்விடும். ஈஸ்ட், பேக்கிங் பவுடருக்குத் தலைதட்டிய கரண்டியே மேல். உப்பு மட்டும் விதிவிலக்கு. தூள் உப்பு தேக்கரண்டிக்கு 6 கிராம் அளவில் இருக்கும். பெரிய படிகமாக வரும் சில உப்புகள் அதில் பாதிதான். உப்பின் வகை மாறினால் கரண்டியை நம்பாதீர்கள். அளவு கொஞ்சம் பெரிதாக இருந்தால் நிறுத்தே போடுங்கள்.

சரி, குறிப்பு கப்பில்தான் இருக்கிறது, என்ன செய்வது? முதலில், எழுதியவர் ஒரு கப்புக்கு எத்தனை கிராம் என்று எங்காவது சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அதுவே முடிவு. இல்லாவிட்டால் 125 கிராமில் தொடங்குங்கள். மைதா குறைந்தால் ஒரு கரண்டி சேர்க்கலாம், கூடினால் எடுக்க முடியாது. 'சலித்த மைதா 1 கப்' என்றால் சலித்த பிறகு அளக்க வேண்டும், எடை இன்னும் குறையும்; 'மைதா 1 கப், சலித்தது' என்றால் அளந்த பிறகு சலிக்க வேண்டும்.

அப்புறம் ஒரு வேலை: உங்கள் கப்பில், உங்கள் வழக்கப்படி மூன்று தடவை மைதா அள்ளி நிறுத்துப் பாருங்கள். வருகிற சராசரியை மாவு டப்பாவின் மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.