புவெனஸ் அயர்ஸ் ரெத்திரோவில் டாக்சி ஏறுபவர்கள் கவனத்துக்கு: நல்ல நோட்டை வாங்கிக் கள்ள நோட்டைத் தருகிறார்கள்

அர்ஜென்டினாவில் இகுவாசு அருவியைப் பார்த்துவிட்டு இரவுப் பேருந்தில் புவெனஸ் அயர்ஸ் திரும்புகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ரெத்திரோ பேருந்து நிலையத்துக்கு வெளியே ஏறிய டாக்சியில் நானும் அக்காவும் ஏமாற்றப்பட்டோம். ஓட்டுநர் எங்கள் பத்தாயிரம் பெசோ நோட்டை வாங்கிக்கொண்டு, கள்ள நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அதுவும் இரண்டு தடவை.

அருவிக்குப் பக்கத்து ஊரான புவெர்த்தோ இகுவாசுவிலிருந்து ரெத்திரோவுக்குச் சுமார் 1,300 கிலோமீட்டர். பேருந்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்தே வந்து இறங்கும்போது, எப்படியாவது அறைக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றுதான் இருக்கும். இந்த ஆட்கள் குறிவைப்பது அந்த நேரத்தைத்தான். பெரிய நிலையம், பக்கத்திலேயே மூன்று ரயில் நிலையங்கள், எந்நேரமும் கூட்டம். முறையான டாக்சி வரிசை நீளமாக நின்றது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் வந்து, "டாக்சி, டாக்சி" என்று அக்காவின் பெட்டியை வாங்கி, சாலையோரம் நின்ற வண்டியின் டிக்கியில் வைத்துவிட்டார். வண்டி இந்த ஊர் டாக்சிகளைப் போலவே கறுப்பு உடல், மஞ்சள் கூரை.

நாங்கள் தங்கவிருந்த சான் தெல்மோ பகுதிக்கு அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். ஓட்டுநர் மீட்டர் போட்டார், பசெயோ கொலோன் சாலை வழியாக நேராகவே வந்தார், அருவியில் தண்ணீர் எப்படி என்று கூட விசாரித்தார். சந்தேகப்பட எதுவுமே இல்லை.

இறங்கும் இடத்தில் அக்கா பத்தாயிரம் பெசோ நோட்டு ஒன்றை நீட்டினாள். வாங்கியவர் கையைக் கியர் பக்கம் இறக்கினார், ஒரு நொடிதான். அப்புறம் திரும்பி, விரலால் தேய்த்துக் காட்டி, "பால்ஸோ" என்று தலையாட்டினார். கள்ள நோட்டாம். அக்கா பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு இன்னொன்றைக் கொடுத்தாள். அதற்கும் அதே பதில், இந்த முறை குரல் உயர்ந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. "அக்கா, இரு, நான் பார்த்துக்கிறேன்" என்று ஆயிரம் பெசோ நோட்டுகளாக எண்ணிக் கொடுத்தேன். அவற்றை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. பெட்டிகளை இறக்கிய கையோடு போய்விட்டார்.

தெருமுனைப் பெட்டிக்கடையில் தண்ணீர் வாங்கும்போது கடைக்கார அம்மாவிடம் அந்த இரண்டு நோட்டையும் காட்டினோம். வெளிச்சத்தில் பிடித்தார். நீர்க்குறி இல்லை, தாளும் வழுவழுவென்று இருந்தது. இரண்டிலும் ஒரே வரிசை எண்! நாங்கள் வைத்திருந்தவை முந்தைய நாள் ஏடிஎம்மில் எடுத்த மடிப்புக் கலையாத புது நோட்டுகள். திரும்பி வந்தவை கசங்கியவை.

இருபதாயிரம் பெசோ பெரிய பணமா என்று கேட்கலாம். அர்ஜென்டினாவில் வெளிநாட்டு அட்டைக்கு ஏடிஎம் கொஞ்சமாகத்தான் தரும், ஒவ்வொரு தடவையும் கட்டணத்தைக் கணிசமாகப் பிடித்துக்கொள்ளும். எனக்கு அதைவிட ஆத்திரம் வேறு விஷயத்தில். திருடியது அவர், கூனிக்குறுகி மன்னிப்புக் கேட்டது என் அக்கா. இந்த மோசடியே அந்தக் கூச்சத்தை நம்பித்தான் நடக்கிறது. வெளியூர்க்காரருக்கு நோட்டு பழக்கமில்லை, எங்கோ யாரோ தலையில் கட்டியிருப்பார்கள் என்று நம்மையே நாம் சந்தேகிப்போம். பெட்டி வேறு டிக்கியில் இருக்கும். யாருக்குத்தான் சண்டை போட மனம் வரும்?

புகார் கொடுத்தோம். சுற்றுலாப் பயணிகளுக்கென்று தனிக் காவல் நிலையம் இருக்கிறது. பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். முதலில் கேட்டது வண்டி எண்ணும் உரிம எண்ணும். ஓட்டுநரின் படமும் உரிம விவரமும் இருக்கும் அட்டை முன் இருக்கையின் முதுகில், பயணிக்குத் தெரியும்படி தொங்க வேண்டும். எங்கள் வண்டியில் அதன்மேல் ஒரு கோட்டு கிடந்தது. இப்போது புரிகிறது, அது தற்செயல் இல்லை. ஏறியதும் அந்த அட்டையைப் படம் எடுங்கள். மறைத்திருந்தால் கிளம்புவதற்கு முன்பே இறங்கிவிடுங்கள்.

பெரிய நோட்டை டாக்சியில் நீட்டவே வேண்டாம். வேறு வழியில்லை என்றால் தொகையைச் சத்தமாகச் சொல்லி, வரிசை எண்ணின் கடைசி இலக்கங்களை அவர் பார்க்க வாசித்துவிட்டுக் கொடுங்கள். நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மா உள்ளூர்க்காரர், அவரே இப்படித்தான் செய்கிறாராம். பெட்டிகள் தரையில் இறங்கிய பிறகே பணம். செயலியில் வண்டி பிடித்து அட்டையில் கட்டினால் இந்தத் தொல்லையே இல்லை. சுமை குறைவு என்றால் ரெத்திரோவிலிருந்தே சுரங்க ரயிலின் சி தடம் கிளம்புகிறது. சான் தெல்மோ போக இந்தெபெந்தென்சியாவில் இறங்கி நடக்கலாம்.

அதே நிலையத்தைச் சுற்றி இன்னொன்றும் நடக்கிறது. சட்டையில் யாரோ மஞ்சளாக எதையோ தெளிப்பார்கள், உடனே ஒருவர் துடைக்க வருவார், அதற்குள் பை போய்விடும். துடைக்க விடாதீர்கள், பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே இருங்கள்.

கள்ள நோட்டு கையில் வந்துவிட்டால், கோபத்தில் அதை வேறு கடையில் தள்ளிவிடத் தோன்றும். தெரிந்தே செய்தால் அது குற்றம், மாட்டிக்கொள்வது நீங்கள்தான். சுற்றுலாப் பயணிகளுக்கான அந்தக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுப் புகாரின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.