வேட்டைக்காரன் கண்ணும் வேட்டையாடப்படுபவன் முகமும்: மைனாரிட்டி ரிப்போர்ட், பிளேட் ரன்னர்

எதிர்காலத்தில் நடக்கும் நல்ல குற்றப் படம் ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் இரண்டு பெயர்கள் முதலில் வந்து நிற்கும். 1982-இல் ரிட்லி ஸ்காட் எடுத்த 'பிளேட் ரன்னர்', 2002-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த 'மைனாரிட்டி ரிப்போர்ட்'. இரண்டுக்கும் மூலக்கதை பிலிப் கே. டிக் எழுதியதுதான். முன்னது அவருடைய 1968 நாவலிலிருந்து வந்தது, பின்னது 1956-இல் வந்த சிறுகதையிலிருந்து.

இரண்டையும் பலமுறை பார்த்துவிட்டேன். த்ரில்லர் என்று எடுத்துக்கொண்டால் மைனாரிட்டி ரிப்போர்ட்தான் மேலே நிற்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் ஒரு பெரிய குறை உண்டு. அந்தக் குறை என்ன என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது பிளேட் ரன்னர். கதையின் முடிச்சுகளை அவிழ்த்துத்தான் பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

ஒப்பிடுவதற்கு வசதியாக இரண்டு படத்திலும் ஒரே மாதிரி ஒரு காட்சி இருக்கிறது. போலீஸ்காரன் ஒரு படத்தை உற்றுப் பார்த்துத் துப்பு கண்டுபிடிக்கும் காட்சி.

மைனாரிட்டி ரிப்போர்ட்டில் அது தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. 2054-ஆம் வருடம், வாஷிங்டன். நடக்கப்போகும் கொலைகளை முன்கூட்டியே காணும் மூன்று பேரைத் தண்ணீரில் மிதக்கவிட்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டதும் மரத்தில் கடைந்த ஒரு பந்து உருண்டு வரும். அதில் கொல்லப்போகிறவரின் பெயர் பொறித்திருக்கும். யார், எப்போது என்பது தெரிந்துவிட்டது. எங்கே என்பதுதான் தெரியாது. டாம் குரூஸ் கண்ணாடித் திரைக்கு முன்னால் நின்று, கையுறை போட்ட கைகளால் காட்சித் துணுக்குகளைத் தள்ளுகிறார், இழுக்கிறார், பெரிதாக்குகிறார். பின்னணியில் சிம்பொனி ஓடுகிறது, நிமிடங்கள் கரைகின்றன. ஒரு சிறுவன் ஒரு துணுக்கில் இடது பக்கம் நிற்கிறான், அடுத்ததில் வலது பக்கம். ஏன் மாறினான்? அவன் நிற்பது சுற்றும் குடைராட்டினத்தில்! அப்படியானால் ராட்டினம் இருக்கிற பூங்காவுக்குப் பக்கத்தில்தான் அந்த வீடு. அவர் கண்டுபிடிக்கும் அதே நொடியில் நாமும் கண்டுபிடிக்கிறோம். துப்பறியும் கதைக்கு உயிரே இந்த இடம்தான்.

பிளேட் ரன்னரில் ஹாரிசன் ஃபோர்டு, அதாவது தப்பிவந்த செயற்கை மனிதர்களை வேட்டையாடும் போலீஸ்காரர் டெக்கார்டு, ஒரு சாதாரணப் புகைப்படத்தைக் கருவிக்குள் செருகிவிட்டுச் சோபாவில் சாய்ந்துகொள்கிறார். இடப்பக்கம் போ, நிறுத்து, பெரிதாக்கு என்று வாயாலேயே கட்டளையிடுகிறார். படம் கட்டம் கட்டமாக நகர்ந்து, ஓர் அறைக்குள் போய், சுவரில் இருக்கும் கண்ணாடிக்குள் நுழைந்து, அங்கே படுத்திருக்கும் ஒரு பெண்ணிடம் நிற்கிறது. பிறகு குளியல் தொட்டியில் கிடைத்த ஒரு செதிலைச் சந்தையில் இருக்கும் மூதாட்டியிடம் கொடுக்கிறார். மீன் செதில் என்று டெக்கார்டு நினைத்தது செயற்கைப் பாம்பின் செதில். நுண்ணோக்கியில் பார்த்தால் அதில் தயாரிப்பு எண்கூட இருக்கிறது. ஒரு செதிலில் எண் அச்சிடும் உலகம் எப்படிப்பட்டது என்பதை அந்த ஒரு நெருக்கக் காட்சியே சொல்லிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. ஆனால் இங்கே யாருடைய உயிரும் ஊசலாடவில்லை, கடிகாரம் ஓடவில்லை. டெக்கார்டு நிதானமாக மது அருந்திக்கொண்டே பார்க்கிறார்.

டெக்கார்டின் துப்பறிதல் கிட்டத்தட்ட இத்தோடு முடிந்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கடைசி இருவர் ஒளிந்திருக்கும் இடத்தை அவர் தானாகக் கண்டுபிடிப்பதில்லை, மேலதிகாரி கூப்பிட்டுச் சொல்கிறார். குற்றப் படம் என்று நம்பி உட்காருகிற ஒருவருக்கு நடுப்பகுதி தொய்வாகத் தெரிந்தால் நான் அவரோடு சண்டைக்குப் போக மாட்டேன். மைனாரிட்டி ரிப்போர்ட்டிலோ இரண்டாவது பந்தில் நாயகனின் பெயரே வந்துவிடுகிறது. முன்பின் தெரியாத ஒருவனை 36 மணி நேரத்தில் கொல்லப்போகிறான் என்கிறது கருவி. வேட்டைக்காரனே வேட்டைப்பொருள். இதைவிட இறுக்கமான முடிச்சு இந்த வகைப் படங்களில் எனக்குத் தெரிந்து இல்லை.

லாஜிக் ஓட்டை இரண்டிலும் உண்டு. தேடப்படும் ஆளின் கண்ணைக் காட்டினால் தலைமையகக் கதவு இன்னும் திறக்கிறது என்பது மைனாரிட்டி ரிப்போர்ட்டின் ஓட்டை. நகரமெங்கும் கண்ணை வைத்து ஆளை அடையாளம் காணும் அரசாங்கம் அந்த ஒரு அனுமதியை மட்டும் ரத்து செய்ய மறந்துவிடுமா? பிளேட் ரன்னரின் முதல் வடிவத்தில் தப்பியவர்கள் ஆறு பேர், ஒருவர் இறந்துவிட்டார் என்று வசனம் வரும். மிச்சம் ஐந்து. ஆனால் படத்தில் இருப்பது நான்கு பேர்தான். 2007-இல் வந்த இறுதி வடிவத்தில்தான் இந்தக் கணக்கைச் சரிசெய்தார்கள்.

காட்சி அழகில் போட்டியே இல்லை. மழையும் புகையும் நியானுமாக 2019-இன் லாஸ் ஏஞ்சல்ஸ், அதன்மேல் வாங்கெலிஸின் இசை. ஸ்பீல்பெர்க்கின் வாஷிங்டன் வெளிறிப்போன, நீலம் பாரித்த நகரம். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் படம் முடிந்தபின் அந்தத் தெருக்களுக்குத் திரும்பிப் போகத் தோன்றுவதில்லை.

சரி, அந்தப் பெரிய குறைக்கு வருகிறேன். ராட்டினத் துப்பு யாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது? ஹோவர்டு மார்க்ஸ் என்ற கணவனிடம். மனைவியும் காதலனும் படுக்கையில். அவன் கத்தரிக்கோலை ஓங்கிய நொடியில் போலீஸ் பாய்ந்து பிடிக்கிறது. நான் ஒன்றும் செய்திருக்க மாட்டேன் என்று அவன் அலறுகிறான். தலையில் ஒரு வளையத்தை மாட்டி அவனை உறங்கவைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். அவன் உண்மையிலேயே குத்தியிருப்பானா? விசாரணை இல்லை, வக்கீல் இல்லை. படமும் அவனை அத்தோடு விட்டுவிடுகிறது. அவனைப்போல அடைக்கப்பட்ட எல்லோரையும் விடுவித்தார்கள் என்று கடைசியில் குரல் வழியாக ஒரு வரி வரும், பலரைப் பல வருடம் போலீஸ் கண்காணித்தது என்று இன்னொரு வரி. செய்யாத குற்றத்துக்கு உறைந்து கிடந்த மனிதர்களைப் பற்றிய படத்தில் அவர்களில் ஒருவரோடாவது பத்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டாமா?

பிளேட் ரன்னர் அப்படி உட்கார்ந்திருக்கிறது. தப்பிவந்த செயற்கை மனிதர்கள் கொலை செய்தவர்கள்தான், ஆனால் அவர்களுக்கு ஆயுள் நான்கே வருடம். கூடக் கொஞ்ச நாள் வேண்டும் என்று கேட்கத்தான் தங்களைப் படைத்தவனிடம் வருகிறார்கள். நாயகனின் கணக்கை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவர் கையால் சாகிறவர்கள் இரண்டு பேர், இருவரும் பெண்கள். அதில் ஸோரா ஓடிக்கொண்டிருக்கும்போது முதுகில் சுடப்படுகிறாள். ஒளி ஊடுருவும் மழைக்கோட்டு, உடைந்து கொட்டும் கண்ணாடிகள், மெதுவாக விழும் உடல். தப்பியவர்களில் ஒருவனான லியானைக் கொல்வது டெக்கார்டு காதலிக்கும் ரேச்சல். தப்பியவர்களின் தலைவன் ராய் பேட்டி தன் ஆயுள் முடிந்து தானாகவே சாகிறான், அதுவும் டெக்கார்டைக் காப்பாற்றிய பிறகு. இதைப் பார்த்த பிறகு போலீஸ் ஜெயித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ராய் பேட்டியாக நடித்த ரட்கர் ஹாயரின் அந்த முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மைனாரிட்டி ரிப்போர்ட்டுக்குத் திரும்பினால், ஹோவர்டு மார்க்ஸ் வெறும் ஒரு பெயர்தான் என்பது உறுத்த ஆரம்பிக்கிறது.

இருந்தாலும் இரண்டு படத்திலும் சேர்த்து மிகச் சிறந்த காட்சி எது என்றால் நான் ஸ்பீல்பெர்க்கின் ஓட்டல் அறையைத்தான் சொல்வேன். கட்டில் முழுக்கக் குழந்தைகளின் புகைப்படங்கள், அதில் நாயகனின் காணாமல்போன மகனும் இருக்கிறான். எதிரே அந்த முன்பின் தெரியாத ஆள். துப்பாக்கி நீண்டுவிட்டது. கருவி சொன்ன நேரம் வந்துவிட்டதென்று கைக்கடிகாரம் ஒலிக்கிறது, நாயகன் சுடவில்லை. நடுங்கும் குரலில், பேசாமலிருக்க உனக்கு உரிமை உண்டு என்று கைதியின் உரிமைகளைச் சொல்லத் தொடங்குகிறான். அழுதுகொண்டே சட்டத்தைச் சொல்லும் ஒரு போலீஸ்காரனை அதற்கு முன் நான் திரையில் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு நடப்பது அந்தக் காட்சியை இன்னும் கனமாக்குகிறது. ஆனால் படம் அங்கிருந்து இன்னும் வெகுநேரம் போகிறது. கடைசியில் வில்லன் வாய்தவறி, ஒரு பெண் மூழ்கி இறந்ததைத் தானே உளறி மாட்டிக்கொள்கிறான். பழைய துப்பறியும் நாடகங்களின் தந்திரம் அது. இவ்வளவு புதிதாகத் தொடங்கிய கதைக்கு அது போதவில்லை.

பார்க்கிற வரிசையைக் கேட்டால், முதலில் மைனாரிட்டி ரிப்போர்ட். இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள், ஒரு துணுக்கு தவறினாலும் பின்னால் குழப்பும். பிளேட் ரன்னரை இன்னொரு நாள் இரவு, அதுவும் 2007 இறுதி வடிவத்தையே பாருங்கள். 1982-இல் தியேட்டருக்கு வந்த வடிவத்தில் டெக்கார்டின் குரல் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே இருக்கும், முடிவிலும் ஒரு சந்தோஷக் காட்சியை ஒட்டவைத்திருந்தார்கள். அந்தக் குரலை எடுத்துவிட்டால்தான் மழைச் சத்தத்துக்கு நடுவே ராய் பேட்டி பேசுவது முழுதாகக் காதில் விழும்.