சிங்கள டாக்டரிடம் பிள்ளையைக் காட்ட: துணைக்கு ஆளா, எழுதிய தாளா?

இலங்கையில் ஹட்டன், நுவரெலியா பக்கத் தேயிலைத் தோட்டங்களில் சிங்களம் தெரியாத பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது.

செலவு: துணைக்கு வருபவருக்கு பஸ் காசும் ஒரு நாள் பேரும் (அன்றைய தோட்டச் சம்பளமும்) போகும். தாளுக்கு, சிங்களம் தெரிந்த ஒருவர் எழுதித் தந்தால் போதும்.

தெளிவு: காய்ச்சல் தொடங்கிய நேரம், எத்தனை வாந்தி, கடைசியாகச் சிறுநீர் போனது, கொடுத்த மருந்து. பதற்றத்திலும் தாள் எதையும் மறக்காது. துணைக்கு வருபவர் சுருக்கிவிடுவார். என் மகளுக்கு, '6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை' என்றது '6 மணிக்கு' என்று வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து மருந்தளவை எழுதித்தான் வாங்குகிறேன்.

திருப்பிக் கேட்பது: இதில் ஆள்தான். தாள் பதில் சொல்லாது.

சரி, வழக்கமான கிளினிக்குக்குத் தாளும் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடும் போதும். வார்டில் நிறுத்தினாலோ ஆபரேஷன் என்றாலோ கட்டாயம் ஆளோடு போங்கள், தாளையும் விடாதீர்கள்.