மஞ்சள் சாறு கப்சூல்: பரவிய புற்றுநோய்க்கு என்று வாங்குவோர் கவனத்துக்கு

திருகோணமலை நகரத்துப் பார்மசிகளிலும் நாட்டு மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் மஞ்சள் சாறு கப்சூல்களைப் பற்றிய மதிப்பீடு இது. கம்பனி எதுவானாலும் சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான்: கப்சூல் ஒன்றில் 500 மில்லிகிராம் சாறு, அதில் 95 வீதம் குர்க்குமினொய்ட் (மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமினும் அதைச் சேர்ந்த பொருட்களும்), கூடவே 5 மில்லிகிராம் மிளகுச் சாறு, அதாவது மிளகின் உறைப்புப் பொருளான பைப்பரின், போத்தலுக்கு 60 கப்சூல். மஞ்சள் சாறு என்ற அளவில் ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். பரவிய புற்றுநோய்க்கு மருந்து என்றால் பூச்சியம்தான். கீமோ ஏற்றிக்கொண்டிருப்பவருக்கு அது கெடுதலும் செய்யலாம்.

முதலில் லேபல். ‘95 வீதம்’ என்ற எண்ணைத் தேடுங்கள். சில போத்தல்களில் ‘மஞ்சள் 500 மில்லிகிராம்’ என்று மட்டும் இருக்கும். அது சமையல் தூள். சாதாரண மஞ்சளில் குர்க்குமின் சுமார் 3 வீதம் என்பதால் கப்சூலுக்கு 15 மில்லிகிராம்தான் தேறும்; 95 வீதச் சாறென்றால் 475. வெளியே இரண்டு போத்தலும் ஒரே மாதிரி, அதே மஞ்சள் கிழங்குப் படம். கூடு ஜெலட்டினா, தாவரக் கூடா என்பதையும் பாருங்கள். சைவக்காரருக்கும் ஹலால் பார்ப்பவருக்கும் அது முக்கியம். ஜெலட்டின் கூடு நம்மூர்ப் புழுக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குர்க்குமின் வெளிச்சத்தில் சிதையும். நிறமற்ற கண்ணாடிப் போத்தலில், வெயில் படும் தட்டில் வைத்திருந்தால் வாங்காதீர்கள்.

கடையில் சுண்ணாம்பு தொட்டுச் சிவக்க வைத்து ‘ஒரிஜினல்’ என்று காட்டினால் ஏமாற வேண்டாம். சுண்ணாம்பு போன்ற காரம் பட்டால் எந்த மஞ்சளும் சிவக்கும், மூன்று வீதமானாலும் தொண்ணூற்றைந்தானாலும். வீட்டிலே பார்க்க இரண்டு வழி உண்டு. கப்சூலைத் திறந்து ஒரு சிட்டிகைப் பொடியைத் தண்ணீரில் தூவுங்கள். நல்ல சாறு கரையாமல் மேலே செம்மஞ்சளாய்ப் படர்ந்து நிற்கும். தூவியதும் தண்ணீர் முழுக்க மஞ்சளாகினால் சாயம் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். இன்னொரு சிட்டிகையை அரைக் கிளாஸ் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கலக்குங்கள். சாறு பெரும்பாலும் கரைந்து தெளிந்த மஞ்சளாகும். சமையல் தூளில் மாப்பொருள் அடியில் தங்கிவிடும். இதற்கு எடுத்த பொடியை வாயில் வைக்கக் கூடாது.

தண்ணீரில் கரையாத அந்தக் குணம்தான் இந்தச் சரக்கின் அடிப்படைக் குறை. வயிற்றுக்குள் போன குர்க்குமினில் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். மிச்சத்தைக் குடலும் ஈரலும் உடனே மாற்றி வெளியேற்றிவிடும். மிளகுச் சாறு சேர்த்தால் உறிஞ்சுதல் 20 மடங்கு என்று லேபலில் போடுவது 1998இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து. அதில் 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தார்கள். அப்படியும் இரத்தத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 0.18 மைக்ரோகிராம் அளவுதான் ஏறியது. ஆய்வுகூடத் தட்டில் புற்றுக் கலங்களைக் கொல்லப் பயன்படுத்தும் செறிவு பெரும்பாலும் இதைப்போல் பல மடங்கு. ஒன்றுமில்லாததை இருபதால் பெருக்கியும் மருந்தளவு வரவில்லை.

பக்லிடாக்செல் என்ற கீமோ மருந்துக்கும் இதே சிக்கல் இருந்தது. பசுபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்த அந்த மருந்தும் தண்ணீரில் கரையாது. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பானில் கரைத்து, ஒவ்வாமை வராமலிருக்க ஸ்டீரொய்ட் கொடுத்துவிட்டு, இரத்த நாளம் வழியாக ஏற்றுகிறார்கள். பரவிய மார்புப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் 1994இல் அனுமதி கிடைத்தது. பட்டிப்பூ என்கிற நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்தும் அப்படித்தான்: பிரித்தெடுத்து, பொதுவாக ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மேற்படாமல் அளந்து ஏற்றுவது. முற்றத்துச் செடியின் இலையை அவித்துக் குடிப்பதில் அந்த அளவும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

குர்க்குமினை இரத்த நாளத்தில் ஏற்றிப் பார்த்ததும் உண்டு. 2020இல் வெளியான ஆய்வில், முற்றிய அல்லது பரவிய மார்புப் புற்றுநோயுள்ள 150 பெண்களில் பாதிப்பேருக்கு பக்லிடாக்செலோடு வாரம் 300 மில்லிகிராம் ஏற்றியபோது கட்டி சுருங்கியவர்கள் 51 வீதம். குர்க்குமினுக்குப் பதில் வெற்று மருந்து சேர்ந்தவர்களில் 33 வீதம். நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் அது ஊசி. அதைச் சொல்லிக் கப்சூலை விற்பது நியாயமில்லை. வாயால் கொடுத்துப் பார்த்த பிரெஞ்சு ஆய்வில், பரவிய புரோஸ்டேட் புற்றுநோயாளருக்கு டோசிடாக்செல் என்ற கீமோ மருந்தோடு ஒவ்வொரு சுற்றிலும் 7 நாட்கள், நாளுக்கு 6 கிராம் கொடுத்தார்கள். பலன் தெரியாததால் இடையிலேயே நிறுத்தினார்கள். அந்த 6 கிராமை எட்ட நாளுக்கு 13 கப்சூல் விழுங்க வேண்டும். போத்தல் ஐந்து நாளைக்கும் காணாது.

கூடுதலாகப் பயப்பட வேண்டியது அந்த 5 மில்லிகிராம் மிளகுச் சாற்றுக்கு. ஈரலில் மருந்துகளை உடைக்கும் நொதிகளை பைப்பரின் தடுக்கும். மனிதரில் ஃபெனிட்டொயின் (வலிப்பு மருந்து), புரொப்ரனலோல் (இரத்த அழுத்த மருந்து) ஆகியவற்றின் இரத்த அளவை அது கூட்டியிருக்கிறது. டோசிடாக்செல், வின்கிறிஸ்டின், எட்டொபொசைட் என்ற கீமோ மருந்துகள் மூன்றையும் உடைப்பதில் பெரும்பங்கு அந்த நொதிகளில் ஒன்றுக்கு. அது மந்தமானால் அளந்து ஏற்றிய கீமோவே உடம்புக்குள் அளவு மீறலாம்: வெள்ளணு இறங்கும், கை கால் விறைக்கும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்போர், பித்தப்பைக் கல் அல்லது பித்தக்குழாய் அடைப்பு உள்ளவர்கள், ஈரலில் புற்று பரவியவர்கள் இதைத் தொடவே கூடாது. இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கும் உகந்ததல்ல. கறியில் போடும் மஞ்சளும் மிளகும் இந்தக் கணக்கில் வராது, பயமில்லாமல் சாப்பிடலாம்.

கடையில் அதே தட்டில் புற்றுநோய்க்கென்று இருக்கும் முள் அன்னமுன்னா இலைத்தூளையும் விட்டுவிடுங்கள். அதிலுள்ள அனொனசின் நரம்புக் கலங்களுக்கு நஞ்சு.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? மட்டக்களப்புக்கோ மகரகமவுக்கோ புற்றுநோய்க் கிளினிக் போகும்போது போத்தலையே பையில் போட்டுக்கொண்டு போய், லேபலை டொக்டரிடம் காட்டுங்கள். எத்தனை கப்சூல், எந்த நாளிலிருந்து என்று கிளினிக் கொப்பியில் எழுதுவியுங்கள். அவர் சொல்லும்வரை குடிக்க வேண்டாம். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் தேயிலைச் சாயம் போல் போனாலோ, உடம்பு அரித்தாலோ, அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈரல் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.