கடைசி எழுத்தைத் தின்னும் வலைத்தளம்: டர்பனில் கடை வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

உங்கள் வலைத்தளத்தில் ஒரு கோளாறு சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லையா? அதைச் சரிசெய்கிறேன் என்று யாராவது பில் நீட்டினால், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் அழைப்பிதழ் அச்சடிக்கும் கடை நடத்துகிறேன். கல்யாணம், காவடி, ஆடிக் கஞ்சிப் பூஜை, பதினாறாம் நாள் காரியம், எல்லாவற்றுக்கும் அட்டை போடுவோம். இங்கே பலருக்குத் தமிழ் படிக்க வராது. ஆனாலும் அட்டையின் தலையில் தாத்தா பெயர் தமிழில் இருந்தே ஆக வேண்டும். வாடிக்கையாளரே பெயரை அடித்து, அட்டையைத் திரையில் பார்த்து ஆர்டர் கொடுக்கும்படி ஒரு வெப் ஆப் செய்யச் சொன்னேன். செய்தவர் உள்ளூர்க்காரர், பேச்சு தேன். விவகாரம் இன்னும் முடியாததால் பெயர் போடவில்லை.

மீனாட்சிசுந்தரம் என்று அடித்தால் சில சமயம் கடைசி 'ம்' கட்டத்துக்கு வெளியே போய் வெட்டுப்படும். பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் சரியாகத் தெரியும். தமிழ் படிக்கத் தெரியாத வாடிக்கையாளர் இதை எப்படிக் கவனிப்பார்? பார்த்த மட்டில் சரி என்று அழுத்திவிடுவார். அட்டை அச்சாகி வீட்டுக்குப் போன பிறகு பாட்டி கண்டுபிடிப்பார். மறு அச்சு என் செலவு.

முதலில் ஆப் செய்தவர் சொன்ன காரணம் லோட் ஷெடிங், அதாவது முறை வைத்து நடக்கும் மின்வெட்டு. அது 2023, கிட்டத்தட்ட நாள்தோறும் மின்வெட்டு. "டவர் பேட்டரி இறங்குதுக்கா, நெட் இழுக்குது, அதான்" என்றார். 2024 மார்ச் கடைசிக்குப் பிறகு பல மாதம் மின்வெட்டே இல்லை. எழுத்து மட்டும் வெட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது. அடுத்த காரணம் சர்வர், அதாவது தளம் இயங்கும் கணினி. பெரிய சர்வருக்கு மாற்ற 4,200 ரேண்ட் வாங்கினார். பிறகு 'ஸ்பீட் பேக்கேஜ்' என்று இன்னொரு பில். ஒவ்வொரு முறையும் கடைக்கு வந்து தன் லேப்டாப்பைத் திறந்து, "பாருங்கக்கா, நல்லாத்தானே இருக்கு" என்று காட்டிவிட்டுப் போவார். நல்லாத்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை நூறு தடவை திறந்த லேப்டாப் அது.

கணினி படிக்கும் என் தங்கை மகள் ஒரு சாயங்காலம் கடைக்கு வந்தபோது குரோமில் தளங்களைச் சோதிக்க உதவும் டெவலப்பர் டூல்ஸைத் திறந்தாள். 'டிஸேபிள் கேஷ்' என்பதை டிக் செய்தாள் (கேஷ் என்பது ஒருமுறை இறங்கியதைப் பிரவுசர் சேமித்து வைக்கும் இடம்), இணைய வேகத்தை 3ஜி அளவுக்குக் குறைத்தாள். அவ்வளவுதான். எப்போதாவது வந்த கோளாறு ஒவ்வொரு முறையும் வந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது அந்த நிமிஷம்தான். இதை ஆப் செய்தவர் ஒரு தடவையாவது செய்து பார்த்திருக்க வேண்டாமா?

காரணம் இது. அட்டையைப் பிரவுசரே கேன்வாஸில், அதாவது பக்கத்தில் படம் வரைவதற்கான கட்டத்தில், படமாக வரைகிறது. சாதாரணப் பக்க எழுத்து என்றால் ஃபான்ட் (எழுத்துருக் கோப்பு) தாமதமாக வந்தாலும் பிரவுசர் தானாகவே அடுக்கி மாற்றிக்கொள்ளும். கேன்வாஸ் அப்படியில்லை, ஃபான்ட் வரும்வரை காத்திருக்காது. நம் தமிழ் ஃபான்ட் இறங்கி முடியும் முன்பே, போனில் இருக்கும் வேறு தமிழ் ஃபான்டை வைத்துப் பெயரின் அகலத்தை அளந்துவிட்டது. அது ஒடுக்கம், நம்முடையது அகலம். வரைகிற நேரத்தில் நம் ஃபான்ட் வந்து சேர்ந்தால் கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டும். ஒருமுறை இறங்கிய ஃபான்ட் கேஷில் இருப்பதால் அடுத்த முறை சரியாகிவிடும். நெட் மெதுவாக இருந்தால் கோளாறு கூடும் என்பது உண்மை, அந்தப் பாதி உண்மையை வைத்துத்தான் லோட் ஷெடிங் கதை ஓடியது. சர்வருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆப்பின் நிரலைத் திறந்து பார்த்தால் அவர் செய்த 'ரிப்பேர்' தெரிந்தது. வரைவதற்கு முன் ஒரு நொடி காத்திருக்கச் சொல்லும் செட்டைம்அவுட் (setTimeout) என்ற கட்டளை. அடுத்த பில்லுக்கு அதையே மூன்று நொடியாக்கியிருக்கிறார். அவர் வீட்டு ஃபைபரில் மூன்று நொடி தாராளம். வெருலம் ஊரில் மாமி கையில் இருக்கும் பழைய போனுக்குப் போதாது.

சரியான வழி, டாக்குமென்ட்.ஃபான்ட்ஸ்.லோட் (document.fonts.load) என்ற கட்டளையால் ஃபான்டைக் கேட்டு, ஃபான்ட் வந்த பிறகே அளப்பதும் வரைவதும். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு, தமிழ் ஆப் செய்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் ஃபான்ட்ஸ் போன்றவை ஒரே ஃபான்டை ஆங்கிலப் பகுதி, தமிழ்ப் பகுதி என்று தனித்தனிக் கோப்பாகப் பிரித்துத் தருகின்றன. லோடுக்கு ஃபான்ட் பெயர் மட்டும் கொடுத்தால் அது வெறும் இடைவெளி எழுத்துக்கு வேண்டிய கோப்பைத்தான் பார்க்கும். தமிழ்க் கோப்பு இறங்காமலே 'தயார்' என்று சொல்லிவிடும். இரண்டாவது மதிப்பாக அந்தத் தமிழ்ப் பெயரையே கொடுக்க வேண்டும். தங்கை மகள் சில வரிகளில் மாற்றினாள். அதன் பிறகு பழைய போன்களிலும் 'ம்' தன் இடத்தில் நிற்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "செஞ்ச வேலைக்குத்தானே வாங்கினேன்" என்றார். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 54 வேறு விதமாகச் சொல்கிறது: சேவையின் தரத்தில் குறை இருந்தால் சரிசெய்யச் சொல்லலாம், இல்லையேல் கட்டணத்தில் நியாயமான பகுதியைத் திரும்பக் கேட்கலாம். 20,000 ரேண்ட் வரை என்றால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் (சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம்) போதும், அங்கே வக்கீலுக்கு இடமில்லை. பதிவு செய்த கம்பெனி அங்கே வழக்குப் போட முடியாது. என் கடை என் சொந்தப் பெயரில் இருப்பதால் போடலாம். 14 நாள் கெடு வைத்துக் கடிதம் அனுப்பியிருக்கிறேன்.

பெயர் வெட்டுப்படுகிறது, படம் நகர்கிறது என்று சொன்னதற்கு உங்களுக்கும் 'சர்வர் மேம்பாடு' பில் வந்திருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள், வாட்ஸ்அப் பேச்சோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை உங்கள் தளத்தைச் செய்தவர் வரும்போது அவர் லேப்டாப்பில் பார்க்காமல், கேஷை அழித்த உங்கள் போனில், வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.