பியூ சீலன்ட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு கிராக் பேஸ்ட்டை அடைத்துவிட்டுப் போனார்கள்

உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம் என்று கடலை ஒட்டி வீடு வைத்திருப்பவர்கள், மழைக்கு முன் விரிசல் வேலைக்கு ஆள் கூப்பிடுவதாக இருந்தால் இதைப் படித்துவிடுங்கள்.

பழைய வீட்டோடு சேர்த்துப் புதிதாக ஓர் அறை எடுத்தோம். இரண்டு சுவரும் சேருகிற இடத்தில் மேலிருந்து கீழ்வரை பிளவு. எஸ்டிமேட்டில் பியூ சீலன்ட் (பாலியூரித்தேன் என்ற ரப்பர் மாதிரியான அடைப்புப் பசை) என்று எழுதி அதற்கான விலையையும் போட்ட கான்ட்ராக்டர், ஆள் விட்டு அடைத்தது டப்பாவில் வரும் கிராக் பேஸ்ட். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தார்கள், பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஐப்பசி மழைக்கு அதே கோட்டில் விட்டு, உள்சுவர் முழுக்க ஓதம். கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதாண்ணே, கடற்கரை வீடுன்னா வெடிக்கத்தான் செய்யும்" என்கிறார்.

எங்கே ஒன்று? பேஸ்ட் காய்ந்தால் இறுகிவிடும், பூச்சில் விழும் அசையாத மெல்லிய விரிசலுக்கு அது போதும். சீலன்ட் காய்ந்த பிறகும் ரப்பர் மாதிரி இழுபடும், நகத்தால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப வரும். உப்புத்தாளுக்கு மசியாது, அதனால் தேய்க்கிறார்கள் என்றாலே சந்தேகப்படுங்கள். 10 மீட்டர் கான்கிரீட் 20 டிகிரி சூடேறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். போதாததற்கு மணல் தரையில் பழைய அஸ்திவாரமும் புதியதும் ஒரே மாதிரி இறங்காது. அங்கே இறுகின பேஸ்ட் என்ன செய்யும், விடத்தான் செய்யும்.

சீலன்ட்டையும் சும்மா பிதுக்கினால் ஆகாது. இடுக்கைச் சுத்தம் செய்து, உள்ளே ஃபோம் கயிறு வைத்து, இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்டுகிற மாதிரி அடைக்க வேண்டும். 20 மில்லிமீட்டர் அகலம் என்றால் 10 மில்லிமீட்டர் ஆழம். சிலிகான் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அதன்மேல் பெயிண்ட் நிற்காது.

இன்னொன்று, சன்ஷேடு அடியில் துருக்கறையோடு இருந்த வெடிப்பையும் அதே பேஸ்ட்டால் மூடியிருக்கிறார் புண்ணியவான். உப்புக்காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பித் தள்ளுகிற வெடிப்பு அது. உடைத்துக் கம்பியைச் சுத்தம் செய்யாமல் எதை அப்பினாலும் வீண்.

பணம் முழுதாகக் கைக்குப் போனதும் போனை எடுப்பதில்லை. இப்போது வேறு ஆள் வந்து அந்தப் பேஸ்ட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார், அந்தக் கூலியும் என் தலையில்தான். சீலன்ட் டியூப்பை மட்டும் இந்தத் தடவை நானே ராமநாதபுரம் போய் வாங்கி வந்துவிட்டேன்.