மாலை நடைக்கு ஒரு துணை: ஸ்ட்ரீட்கம்ப்ளீட்

வேலைக்காக வெளிநாடு வந்த முதல் சில மாதங்கள், மாலையில் நடக்கப் போவது எனக்குப் பொழுதைத் தள்ளுகிற வேலையாகத்தான் இருந்தது. காதில் ஹெட்போன், கண் போனில், கால் பாட்டுக்கு நடக்கும். தினமும் போய்வந்த தெருவில் என்னென்ன இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆண்ட்ராய்டு செயலியைப் போட்ட பிறகுதான் அந்தத் தெருவையே பார்க்க ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், விக்கிப்பீடியா மாதிரி யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம். அதில் விட்டுப்போன விவரங்களை இந்தச் செயலி சின்னச் சின்னக் கேள்விகளாக்கி, நாம் நிற்கிற இடத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் காட்டும். ஒன்றைத் தொட்டால் கேள்வி வரும்: இந்த பெஞ்சுக்குச் சாய்மானம் இருக்கிறதா, இந்தச் சாலை தாரா கல்லா, இந்தத் தெருவில் இரவில் விளக்கு எரிகிறதா, இந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும். பார்த்துவிட்டு பதிலைத் தட்டினால் முடிந்தது. வரைபடம் போடுவதைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இலவசம், விளம்பரம் கிடையாது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தவை சாலையைக் கடக்கிற இடங்களைப் பற்றிய கேள்விகள். பார்வையற்றவர்களுக்காக சிக்னலில் ஒலி வருகிறதா, பட்டன் அதிர்கிறதா, நடைபாதை ஓரத்தில் காலால் உணரக்கூடிய மேடு வைத்த கற்கள் பதித்திருக்கிறார்களா என்றெல்லாம் கேட்கும். எத்தனையோ முறை கடந்த ஒரு சிக்னலில் ஒருநாள் நின்று பட்டன் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பச்சை விழுந்ததும் உள்ளே ஏதோ துடிப்பது போலக் கை அதிர்ந்தது. இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து எந்த சிக்னலில் நின்றாலும் கை தானாக அங்கே போகிறது. ஆனால் இரண்டு தெரு தள்ளி, முதியவர்கள் நிறையப் பேர் கடக்கிற இடத்தில் ஒலியும் இல்லை, அதிர்வும் இல்லை. "இல்லை" என்று தட்டும்போது மனசுக்கு என்னவோ செய்தது. ஆனாலும் அதுவும் வரைபடத்தில் ஏற வேண்டிய தகவல்தானே. அதை நம்பி வழி பார்க்கிறவர்களுக்கு "இல்லை" என்ற பதிலும் அவ்வளவு முக்கியம்.

கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முடியாத இடங்களில் குறிப்பு எழுதி வைக்கலாம், படமும் சேர்க்கலாம். ஒரு படிக்கட்டை அடைத்து வேலை நடப்பதாக எழுதியிருந்தேன். கொஞ்ச நாள் கழித்து, முகம் தெரியாத யாரோ ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, திறந்துவிட்டார்கள் என்று பதில் எழுதிக் குறிப்பை முடித்து வைத்திருந்தார். புது ஊரில் பக்கத்து வீட்டாரிடம்கூட அதிகம் பேசியிராத எனக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை.

சரி, கவனிக்க வேண்டியவையும் உண்டு. பதில்களைப் பதிவேற்ற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கணக்கு வேண்டும், நாம் செய்கிற ஒவ்வொரு திருத்தமும் அந்தக் கணக்குப் பெயரோடு எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். தினமும் வீட்டைச் சுற்றியே பதில் சொன்னால் நாம் எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்று யாரும் ஊகித்துவிடலாம், அதனால் சொந்தப் பெயரை வைக்காதீர்கள், தனியாக இருக்கிற பெண்கள் இதில் இன்னும் கவனமாக இருப்பது நல்லது. ஜிபிஎஸ் ஓடுவதால் சார்ஜும் இறங்கும். அப்புறம், தூரத்தில் இருந்துகொண்டு பதில் சொல்லப் போனால் நேரில் பார்த்தீர்களா என்று கேட்கும். அது தொந்தரவாகத் தெரியலாம், ஆனால் வேண்டியதுதான். நினைவில் இருந்து சொல்லும் பதில் பல நேரம் தப்பாகவே இருக்கிறது.

புதிதாகப் போடுகிறவர்கள் செட்டிங்ஸில் போய்க் கேள்வி வகைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பத்தடிக்கு ஒரு தடவை நிற்க வேண்டிவரும். நான் கட்டடத்துக்கு எத்தனை மாடி என்கிற மாதிரிக் கேள்விகளையெல்லாம் அணைத்துவிட்டு, சாலை கடக்கிற இடங்கள், படிக்கட்டுக் கைப்பிடி, பெஞ்சு இவற்றை மட்டும் வைத்திருக்கிறேன். அரை மணி நேர நடைக்கு ஏழெட்டுக் கேள்வி போதும். பதிவேற்றத்தை வைஃபையில் மட்டும் நடக்கும்படி வைத்துவிட்டால் போன் டேட்டாவும் மிச்சம்.